ஓ-யூ போட்டு எழுதுகிற ஊர்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் பணி அனுபவத்தில் ஏதாவது ஒன்றை எழுதித் தரச் சொல்லி, என்னோடு வேலை பார்த்த ஜோதி ஒரு மாதமாக நச்சரிக்கிறாள். எனக்கு ஒரே இடத்தில் உட்கார்ந்து எழுத வராது. ஓய்வு பெற்ற பிறகும் காலில் சக்கரம் கட்டிக்கொண்டுதான் அலைகிறேன். இந்தப் பத்தியை எழுதி முடிப்பதற்குள் இரண்டு தடவை எழுந்துபோய் அடுப்பில் ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டு வந்தேன். அதனால் எழுத்து கொஞ்சம் தாவும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு எச்சரிக்கை. நீங்கள் செய்யப்போகும் வேலையை வீட்டில் யாருக்கும் விளக்க முடியாது. பேக்கேஜிங் என்றதும் என் நாத்தனார் பிஸ்கட் கம்பெனி என்று நினைத்தாள். லைப்ரரி என்றதும் புத்தகம் அடுக்குகிறேன் என்று நினைத்தாள். இன்றுவரை நான் பிஸ்கட் பாக்கெட்டில் புத்தகம் அடைத்துச் சம்பாதித்ததாகத்தான் அவள் நம்பிக்கொண்டிருப்பாள். கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்: ஒரு கணினிக்கு வேண்டிய மென்பொருள்களை எல்லாம் பொறுக்கி எடுத்து, ஒன்றோடொன்று சண்டை போடாமல் மூட்டை கட்டிக் கொடுக்கிறோம். அந்த மொத்த மூட்டைக்குப் பெயர் டிஸ்ட்ரோ. லைப்ரரி என்பது மற்ற மென்பொருள்கள் கூப்பிட்டு வேலை வாங்கிக்கொள்கிற ஒரு சின்ன மென்பொருள். எங்கள் டிஸ்ட்ரோவைப் பள்ளிகளும் சின்ன ஆஸ்பத்திரிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் நம்பிப் பயன்படுத்துகின்றன. நம்புகிறார்கள் என்பதுதான் இதில் பயமுறுத்துகிற விஷயம்.

உங்களிடம் தினமும் யாராவது ஒருவர் ஒரு லைப்ரரியைத் தூக்கிக்கொண்டு வருவார், உள்ளே சேர்த்துக்கொள்ளுங்கள் என்று. பார்த்தால் அதே வேலையைச் செய்கிற ஒன்று ஏற்கெனவே உள்ளே இருக்கும். நான் இன்னும் வேலையில் இருந்தால் வேண்டாம் என்று சொல்லத்தான் உங்களைப் பழக்குவேன். காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில், சுருக்கி அனுப்பிய கோப்புகளைப் பிரித்துப் படிக்கும் லைப்ரரிகள் எங்களிடம் மூன்று இருந்தன. மூன்றும் ஒரே வேலை, மூன்றிலும் ஒரே ஓட்டை. ஓட்டை தெரிந்ததும் அவசர அவசரமாக இரண்டை அடைத்தோம். மூன்றாவதைக் கொண்டுவந்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் ஞாபகமில்லை. அந்த வழியாகப் புகுந்த வைரஸ் ஒரு பள்ளியின் கணினிகளை எல்லாம் செய்முறைத் தேர்வு அன்று காலையில் முடக்கிவிட்டது. அழுதுகொண்டிருந்த பிள்ளைகளின் நடுவில் நின்றபோது ஒன்று புரிந்தது. ஒரு லைப்ரரியை உள்ளே எடுப்பது வீட்டுக்கு ஒரு ஆளைக் கூட்டிவருகிற மாதிரி. சோறு போடுவது யார் என்று முதல் நாளே கேட்டுவிட வேண்டும்.

இப்போது பஷீரின் கதைக்கு வருகிறேன்.

பஷீருக்கு நாற்பது வயது இருக்கும். தவளக்குப்பம் தாண்டி, கடலூர் ரோட்டில் ஒரு அறக்கட்டளை நடத்துகிற ஆஸ்பத்திரியின் கணினிகளைப் பார்த்துக்கொள்பவன். அங்கே பழைய நோயாளிகளின் பெயர்கள் எல்லாம் ஆங்கில எழுத்தில் பதிந்திருந்தன. இப்போது கவுண்டரில் இருக்கிற பெண்கள் பெயரைத் தமிழில் அடிக்கிறார்கள். தமிழில் அடித்த பெயரை ஆங்கில எழுத்துக்கு மாற்றினால்தான் பழைய ஃபைல் கிடைக்கும். அந்த மாற்றத்துக்காக பஷீர் மூன்று வருடம் உட்கார்ந்து ஒரு லைப்ரரி எழுதியிருந்தான். நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் ஆஸ்பத்திரி நிர்வாகம் ஒரு புது விதி போட்டது: எங்கள் டிஸ்ட்ரோவுக்குள் இருப்பதைத் தவிர வேறு எதுவும் கணினியில் இருக்கக் கூடாது. எங்கள் புதுப் பதிப்புக்கு வெள்ளிக்கிழமையோடு பூட்டு. பூட்டிவிட்டால் அடுத்த பதிப்புவரை புதிதாக ஒன்றும் உள்ளே நுழைய முடியாது. பஷீர் திங்கட்கிழமை விண்ணப்பித்தான். வெள்ளிக்குள் நாங்கள் சரி என்று சொல்லாவிட்டால் அவனுடைய மூன்று வருடம் ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே போய்விடும். முடிவெடுக்க வேண்டியவள் நான்.

தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்துக்கு மாற்றும் லைப்ரரி ஒன்று எங்களிடம் ஏற்கெனவே இருந்தது. உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து பராமரிப்பது. அதற்குப் ‘பெரியது’ என்றும் பஷீருடையதற்குச் ‘சின்னது’ என்றும் ஆபீசில் பெயர் வைத்துவிட்டோம். ஏன் இன்னொன்று என்ற கேள்விக்கு பஷீர் எழுதியிருந்த பதில்: என்னுடையது வேகமானது, இடம் கம்மியாக எடுக்கும். இந்தக் காலத்தில் அதெல்லாம் ஒரு காரணமா? கொட்டாவி வந்தது.

ஜோதியும் நானும் இரண்டையும் ஒப்பிட்டோம். கணினி கிட்டத்தட்ட எல்லாப் பெயரிலும் ‘வித்தியாசம்’ என்று சிவப்புக் காட்டியது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எங்காவது ஒரு ஹெச் கூடக் குறைய இருக்கும், அதற்கெல்லாம் அது சிவக்கும் என்று ஒதுக்கிவிட்டு, பழைய முறைப்படி வாய்விட்டுப் படித்தோம். ஜோதி பெரியது கொடுத்ததைப் படிப்பாள், பிறகு சின்னது கொடுத்ததைப் படிப்பாள், நான் தலையாட்டுவேன்.

“முத்து. முத்து. ஆறுமுகம். ஆறுமுகம். லட்சுமி. லட்சுமி. போதும்க்கா, தொண்ட காயுது. ரெண்டும் ஒண்ணுதான்.”

“ஒண்ணுதான்னு எழுது,” என்றேன்.

எழுதினாள். அன்றே ஆஸ்பத்திரிக்கும் தகவல் போயிற்று. அவர்களும் ஒரு கவுண்டரில் பெரியதை ஏற்றி ஓட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மறுநாள் காலை பஷீர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஆபீசுக்குள் வந்தான்.

“எப்படிக்கா ஒண்ணுதான்னு எழுதுனீங்க? என்னோடது எவ்ளோ ஃபாஸ்ட்டு தெரியுமா?”

“ஃபாஸ்ட்டுன்னா? நோயாளி ஓடியா வராரு? ஒரு செகண்டு லேட்டானா என்ன குடி முழுகிடும்?”

“மூணு வருஷம்க்கா.”

“தெரியும் பஷீர். ஆனா ரெண்டுத்துக்கும் நான் காவல் காக்க முடியாது.”

அவனிடம் வேறு வாதம் இல்லை. வேகம், இடம், வேகம், இடம். சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தான். எனக்குக் கோபம் ஏறிக்கொண்டே போனது. நான் விதியை மீற ஒரு நல்ல காரணமாவது சொல்லித் தொலையேன் என்று கத்தலாம் போல இருந்தது.

அப்போது பேச்சிமுத்து எழுந்து வந்தார். தென்காசிப் பக்கத்துக்காரர், எங்களிடம் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சண்டை எதைப் பற்றி என்று பார்க்க ஜோதியின் திரையை எட்டிப் பார்த்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

“மேடம், இது என்ன? எம், ஓ, யூ, டி, டி, ஓ, யூ. யாரு இந்த மௌட்டௌ?”

“முத்து,” என்றாள் ஜோதி.

“எப்படிம்மா முத்து? நான் முத்துல்லா? எம், யூ, டி, ஹெச், யூ. இந்த ஊருல கேஸ் கனெக்‌ஷன் வாங்கப்போயி என் பேர இப்படித்தான் எழுதி வச்சிருக்கான். ஆதார்ல ஒண்ணு, கேஸுல ஒண்ணு. ரெண்டு ஆளுங்கான். நாலு மாசமா அலையுதேன்.”

நான் போய்த் திரையைப் பார்த்தேன். இருபது தடவை பார்த்த திரை. பெரியது முத்துவுக்கு யூ போட்டிருந்தது. சின்னது ஓ-யூ போட்டிருந்தது. ஆறுமுகத்தில் இரண்டு இடத்தில் ஓ-யூ. ‘ஜெ’ வருகிற இடத்தில் டி-ஜே. எங்கள் ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் எழுதிவிட்டுப் போன முறை. எங்கள் அப்பாவின் பெயர், என் பள்ளிச் சான்றிதழ், எத்தா சிவில் என்கிற பிறப்பு இறப்புப் பதிவு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் அப்படித்தான். இந்த ஊரில் பிறந்த கண்ணுக்கு ஓ-யூ என்றால் ‘உ’. யோசிக்கவே யோசிக்காது. கணினி வித்தியாசம் என்று சிவப்பாகக் கத்தியும், ஊர்க்காரிகள் இரண்டு பேர் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்து ஒன்றுதான் என்று எழுதிவிட்டோம்.

இதில் வேடிக்கை பஷீரின் முகம்தான்.

“உ-வுக்கு வேற எப்படி எழுதுவாங்க?” என்று கேட்டான். நிஜமாகவே கேட்டான். மூன்று வருடமாக எழுதிய லைப்ரரியில் உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு சரக்கு இருக்கிறது, அது அவனுக்கே தெரியாது. அதைவிட்டுவிட்டு வேகத்தை விற்றுக்கொண்டு இருந்திருக்கிறான்.

ஆஸ்பத்திரியின் பழைய ஃபைல்கள் எல்லாம் ஓ-யூ-வில் இருக்கின்றன. பெரியது யூ போட்டுத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. இது உறைத்ததும் என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. அங்கே ஏற்கெனவே ஒரு கவுண்டரில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு நிறுத்தச் சொன்னேன். பொறுப்பாளர் ஊரில் இல்லை, அவர் சொல்லாமல் பஷீரும் அதில் கை வைக்க முடியாது, நாளைக்குப் பார்க்கிறோம் என்றார்கள். புதன்கிழமை விடிந்ததும் மூலக்குளத்திலிருந்து ஸ்கூட்டரை எடுத்தேன். அரியாங்குப்பம் பாலத்து நெரிசலில் நின்றபோது, முன்னால் போன பஸ்ஸைத் தூக்கிக் கடாசலாமா என்றிருந்தது.

கவுண்டரில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று பிறகு தெரிந்தது. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

“ஆறுமுகம்னு யாரும் இல்லியே,” என்றாள் கவுண்டரில் இருந்த பெண். “முன்ன வந்திருக்கீங்களா?”

“இன்னாமா இது? பத்து வருசமா வந்துனுகீறேன். இல்லங்கிற?”

“கம்ப்யூட்டர்ல பேர் இல்லீங்க. புதுசா போட்டுடறேன்.”

“நான் இல்லன்னா இங்க நின்னுனுகீறது யாரு?”

அந்தப் பெண் புது ஃபைல் திறக்கப் போனாள். நான் உள்ளே புகுந்து நிறுத்தச் சொல்வதற்குள் பஷீர் பக்கத்துக் கவுண்டரில், தன்னுடைய லைப்ரரி இருந்த கணினியில், பெயரை அடித்தான். ஃபைல் வந்தது. மேலேயே சிவப்பில் ஒரு குறிப்பு: ஒரு ஊசி மருந்தின் பெயர், இவருக்குப் போடவே கூடாது என்று. முன்பு ஒரு தடவை போட்டு உயிர் போய் வந்திருக்கிறது. புது ஃபைலில் அந்தக் குறிப்பு இருந்திருக்காது. அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துப்போனது. பொறுப்பாளர் வரட்டும் என்று காத்திருக்காமல் அந்தக் கவுண்டரின் கணினியை அணைக்க வைத்தேன்.

உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன். அந்த நிமிடத்தில், சின்னதை உள்ளே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. இப்படி ஒரு காட்சியைப் பார்த்துவிட்டு யாரும் விதி பேச மாட்டார்கள். பழக்க தோஷத்தில் அந்தக் கேள்வியை மட்டும் கேட்டேன்.

“உள்ள எடுத்துக்கிட்டா நாளைக்கு யாரு பஷீர் இதப் பாத்துப்பா?”

அவன் என்னை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

“நான் போறேன்க்கா. என் வீட்டுக்காரி அவங்க அப்பா வழில பிரெஞ்சு சிட்டிசன். பேப்பர் எல்லாம் வந்துடுச்சு. பெருநாள் முடிஞ்சதும் கெளம்புறோம். பாரிஸ் பக்கத்துல மச்சான் வீடு. இங்க யார்கிட்டயும் இன்னும் சொல்லல.”

“அப்புறம் ஏன் இவ்ளோ அவசரமா உள்ள வெக்கச் சொல்ற?”

“நான் போறதாலதான் சொல்றேன். நான் இல்லாதப்ப இது அநாதையா நிக்கக் கூடாது. உங்ககிட்ட இருந்தா பத்திரமா இருக்கும்.”

அதற்கு மேல் அவன் என்னைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எதற்காக அவன் உள்ளே வைக்கச் சொன்னானோ, அதே காரணத்துக்காக நான் உள்ளே எடுக்க முடியாது. அந்த லைப்ரரி முழுக்க அவன் தலைக்குள் இருக்கிற கணக்கு. வேறு யாரும் அதைத் திறந்து ஒரு வரி மாற்றியதில்லை. அங்கிருந்தே பார்த்துக்கொள்கிறேன் என்றான். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். பொய் சொல்வதில்லை, நம்பித்தான் சொல்கிறார்கள். புது நாட்டில், புதுக் குளிரில், வேலை தேடி அலைகிறவன் தவளக்குப்பத்துக் கவுண்டரை எத்தனை நாள் நினைத்துக்கொண்டிருப்பான்? தேர்வு அன்று அழுதுகொண்டு நின்ற அந்தப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன்.

“பஷீர், அந்த ஓ-யூ விதி எல்லாம் சேர்ந்து எவ்ளோ வரும்?”

“ஒரு பக்கம் வரும். ஏன்?”

“அத மட்டும் கொடு. பெரியதுக்குள்ள ஒட்டுப் போட்டு எங்க டிஸ்ட்ரோல நாங்களே வெச்சுக்கிறோம். பெரியத எழுதுறவங்களுக்கும் அனுப்புறேன். அவங்க எடுத்துக்க மாசக்கணக்காகும், அதுவரைக்கும் நாங்க சுமக்கிறோம்.”

“மீதி?”

“மீதி பெரியதுல இருக்கு.”

“வீட்ட இடிச்சிட்டு ஜன்னல மட்டும் எடுத்துனு போறேங்கிறீங்க.”

“ஆமா,” என்றேன். வேறு என்ன சொல்ல? அவன் சொன்னதுதான் சரியான வர்ணனை.

அவன் உள்ளே போய்விட்டான். நான் ஆபீசுக்குப் போகவில்லை. கடற்கரைச் சாலையில், சாயங்காலம் வண்டிகளை விடாமல் அடைக்கும்வரை, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். விட்டுவிடலாமே, ஒரு லைப்ரரிதானே, ஜோதியின் தலையில் கட்டிவிடலாமே என்று ஒரு சுற்று. அவன் நன்மைக்கா செய்கிறோம், நம் வேலையைக் குறைத்துக்கொள்ளவா என்று ஒரு சுற்று. விதியை மட்டும் தர மாட்டேன் என்று அவன் சொல்லிவிட்டால் வெள்ளிக்கிழமை என் கையில் ஒன்றுமே இருக்காது என்று இன்னொரு சுற்று. தெளிவாக முடிவெடுத்துவிட்டால் மனசு அமைதியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு அப்படி ஒருநாளும் ஆனதில்லை. சரியான முடிவு என்று தெரிந்த பிறகுதான் இன்னும் அதிகமாக நடப்பேன்.

வியாழக்கிழமை காலை நான் போகும்போது பஷீர் எங்கள் ஆபீசில் பேச்சிமுத்துவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். யாரும் கூப்பிடவில்லை. விதிகளைத் தனியாக வெட்டி எடுத்துக்கொண்டு வந்திருந்தான். இந்தத் தடவை வாய்விட்டுப் படிக்கிற வேலையே கூடாது என்று சொல்லிவிட்டேன். எழுத்து எழுத்தாகப் பார்க்க வேண்டும். பேச்சிமுத்து ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்துப் பார்த்தார். பஷீருக்குப் பொறுமை போயிற்று.

“பாத்தவுடனே தெரியுதேண்ணே, லட்சுமின்னு.”

“உமக்குத் தெரியும். எனக்குத் தெரியலேல்லா? கம்ப்யூட்டரும் என்னய மாதிரிதான், வெளியூர்க்காரன். சி, ஹெச், ஓ, யூ... சரி, அடுத்தது சொல்லும்.”

அன்று மத்தியானம், ஒட்டுப் போட்ட லைப்ரரிக்குப் பொறுப்பாளர் என்று பேச்சிமுத்துவின் பெயரைப் போட்டேன். ஜோதிக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஊர்க்காரி நான் இருக்கறப்ப அவரா?”

“ஊர்க்காரிங்கறதாலதான் நீ வேணாம். நாளைக்கு ஒரு ஓ-யூ காணாமப்போனா உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவருக்குக் கண்ணுல குத்தும்.”

அவள் சிரித்துவிட்டாள். ஒரு வேலையை யாரிடம் கொடுப்பது என்று நீங்கள் யோசிக்கும்போது, அதை நன்றாகத் தெரிந்தவரைத்தான் முதலில் தேடுவீர்கள். சில வேலைக்கு, அது தெரியாமல் தடுக்கி விழுகிற ஆள்தான் தேவை.

வெள்ளிக்கிழமை பூட்டினோம். சின்னது உள்ளே வரவில்லை. விண்ணப்பத்தில் ‘ஏற்கப்படவில்லை’ என்று நானே எழுதினேன். காரணம் என்ற இடத்தில், இதன் சிறந்த பகுதி வேறொன்றில் சேர்க்கப்பட்டது என்று எழுதி, சேர்த்த இடத்தில் பஷீரின் பெயரையும் போட்டேன். அந்தப் பெயரை யாரும் படிக்கப்போவதில்லை என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

புதுப் பதிப்பை ஆஸ்பத்திரியில் ஏற்றிய அன்று போயிருந்தேன். போகாமல் இருக்க முடியவில்லை. கவுண்டருக்கு ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். பெயரை அடித்தார்கள், பழைய ஃபைல் வந்தது, டோக்கன் வாங்கிக்கொண்டு போனார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பஷீர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய ஜன்னல் வேறொருவர் வீட்டில் நன்றாகவே திறந்து மூடியது.

“சின்னது எங்க?” என்று கேட்டேன். ஒரு கணினியிலாவது ஞாபகத்துக்கு வைத்திருப்பான் என்று நினைத்தேன்.

“எடுத்துட்டேன்க்கா.”

“எல்லாத்துலேருந்துமா?”

“நெட்ல போட்டிருந்ததையும் மூடிட்டேன். இனிமே பெரியத எடுத்துக்கோங்கன்னு ஒரு வரி எழுதி வெச்சிட்டேன்.” பிறகு காரணமும் சொன்னான்: “ரெண்டு இருந்தா, நான் போனப்புறம் யாராவது வந்து என்னோடதத் திருத்தினு ஒக்காந்திருப்பாங்க. நோயாளிங்க பெரியதுல இருப்பாங்க.”

இதை நான் அவனிடம் கேட்கவே இல்லை. கேட்கிற தைரியம் எனக்கு இருந்திருக்காது. மூன்று வருட உழைப்பைத் தன் கையாலேயே அழித்துவிட்டு, அடுத்து வந்த கர்ப்பிணிப் பெண் உட்காருவதற்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான் பஷீர்.